வாசகர் கேள்வி – பதில்: போருக்குப் போய் வீடு திரும்பியவர்கள்

சென்ற இதழில் வியட்நாம் போர் பற்றி வந்த கட்டுரையை ஒட்டி நிறைய கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும். சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் மீது விமான நிலையத்திலேயே எச்சில் துப்பினார்கள் என்கிறார்களே, உண்மையா? இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்தவர்களுக்கு மாலை மரியாதை, இவர்களுக்கு மட்டும் ஏன் இப்படி?
– படிவம் 6 மாணவர், சுங்கை சிப்புட்

துப்பினார்கள் என்று பிற்காலத்தில் சொன்ன முன்னாள் வீரர்கள் பலர் உண்டு. அந்தக் காலப் பத்திரிகைகளில் அதற்குச் சான்று மிகக் குறைவு. ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதை அவர்களிடமே விட்டுவிடலாம். எங்களைக் கேட்டால், எச்சிலைவிட அதிகச் சேதம் செய்தது விமான அட்டவணை.

ராணுவத்தில் ஒருவருக்கு வியட்நாமில் ஓராண்டுப் பணி, மரீன் படையில் 13 மாதம். படைப்பிரிவு மொத்தமாகப் போய் மொத்தமாகத் திரும்பவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித் தேதி. தனியாகப் போய்ச் சேர்ந்து, நாள் முடிந்ததும் தனியாகக் கிளம்ப வேண்டும். திங்கட்கிழமை காட்டில் இருந்தவர் புதன்கிழமை அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருப்பார். 1945-இல் திரும்பியவர்களில் பெரும்பாலோர் கப்பலில் வந்தார்கள். கூடவே சண்டையிட்ட ஆட்களோடு நாள் கணக்கில், சிலர் வாரக் கணக்கில், ஒரே தளத்தில் பேசிக்கொண்டே வந்தார்கள். நடந்தது என்ன, யார் செத்தது, யார் மேல் தவறு என்பதையெல்லாம் வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே ஒருமுறை பேசித் தீர்த்திருந்தார்கள். வியட்நாம்காரருக்கு அந்த இடைவெளியே கிடைக்கவில்லை. போதாததற்கு, தோழர்கள் இன்னும் அங்கே இருக்கும்போது தான் மட்டும் கிளம்பி வந்த குற்ற உணர்வு வேறு.

வந்த பிறகு பேச ஆள் கிடைத்தார்களா என்றால், அதுவும் இல்லை. 1968-இல் வியட்நாம் கம்யூனிஸ்டுகள் நடத்திய தெத் தாக்குதலுக்குப் பிறகு போருக்கு ஆதரவு சரிந்தது. எதிர்த்தவர்கள் திரும்பி வந்தவரைக் குற்றவாளியாகப் பார்த்தார்கள். ஆதரித்த பெரியவர்களில் சிலர் "எங்கள் போரில் நாங்கள் ஜெயித்தோம்" என்றார்கள். பலரும் ஒன்றுமே கேட்கவில்லை. 1973-இல் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் விடுதலையான 591 போர்க்கைதிகளுக்குப் பெரிய வரவேற்பு நடந்தது. சாதாரணச் சிப்பாய் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்.

பணத்திலும் வேறுபாடு இருந்தது. 1944 சட்டப்படி முந்தைய தலைமுறைக்குக் கல்லூரிக் கட்டணமாக ஆண்டுக்கு 500 டாலர் வரை அரசு கட்டியது, மாதம் 50 டாலர் செலவுக்கும் தந்தது. 1966 சட்டத்தில் மணமாகாதவருக்கு மாதம் 100 டாலர், அவ்வளவுதான். கட்டணமும் அதிலேயே. வேலை தேடப் போனால் இன்னொரு சிக்கல். விடுவிப்புப் பத்திரத்தில் ஏன் விடுவிக்கப்பட்டார் என்பதற்கு ஒரு குறியீட்டு எண் இருக்கும். அதன் பொருள் சிப்பாய்க்குத் தெரியாது, முதலாளி தெரிந்து வைத்திருப்பார். 1974-இல்தான் அந்த எண்ணைப் பத்திரத்தில் போடுவதை நிறுத்தினார்கள்.

நோய்க்குப் பெயரும் தாமதமாகத்தான் வந்தது. போர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பு அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது 1980-இல். அதற்கு முன் மருத்துவமனைக்குப் போனவருக்கு வேறு ஏதாவது பெயரை எழுதி அனுப்பினார்கள். வழி காட்டியது டாக்டர்கள்கூட இல்லை, வீரர்களே. 1970 வாக்கில் நியூயார்க்கில் வட்டமாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். ராபர்ட் லிஃப்டன், சாயிம் ஷாட்டன் என்ற இரு மனநல மருத்துவர்கள் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். 1979-இல் அரசு ஆலோசனை மையங்களைத் திறந்தபோது, மருத்துவமனைக் கட்டடத்தைத் தவிர்த்து, கடைத்தெருவில் சாதாரண அறைகளில் வைத்தது. மருத்துவமனைப் படியை மிதிக்க மறுத்தவர்களும் அங்கே வந்தார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1980-களில் எடுத்த பெரிய தேசிய ஆய்வில், போருக்குப் போன ஆண்களில் அப்போது இந்தப் பாதிப்பு இருந்தவர்கள் சுமார் 15 விழுக்காடு. வாழ்நாளில் எப்போதாவது இருந்தவர்கள் ஏறக்குறைய 30 விழுக்காடு. சிறிய தொகை இல்லைதான். ஆனால் திரும்பியவர் எல்லாருமே புத்தி கலங்கியவர் என்று சினிமா காட்டுவது அநியாயம்.

மலாக்கா தெரெண்டாக் முகாமில் ஆஸ்திரேலியச் சிப்பாய்களின் கல்லறைகள் இருந்தனவாமே. வியட்நாமில் செத்தவர்கள் இங்கே எப்படி?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, லிந்தாங்

1966 ஜனவரி வரை, வெளிநாட்டில் இறந்த சிப்பாயின் உடலை ஆஸ்திரேலியா தன் செலவில் ஊருக்குக் கொண்டுபோகவில்லை. குடும்பம் பணம் கட்டினால்தான் உண்டு. அதனால் தெரெண்டாக்கில் அடக்கம் செய்தார்கள். 2016 ஜூனில் 33 பேரின் உடல்கள் (ஒன்று மட்டும் சிங்கப்பூரிலிருந்து), சிப்பாய்களின் குடும்பத்தார் சிலர் உட்பட, சிட்னிக்கு விமானத்தில் போயின. நியூசிலாந்து 2018-இல் தன் ஆட்களை அழைத்துக்கொண்டது.

உயிரோடு திரும்பிய ஆஸ்திரேலியர்களில் கப்பலில் படைப்பிரிவோடு வந்தவர்களுக்கு நகரத்தில் அணிவகுப்பு நடந்தது. பிறந்த தேதிக் குலுக்கலில் கட்டாயப் பணிக்குத் தேர்வாகி, காலம் முடிந்து விமானத்தில் இரவோடு இரவாக வந்து இறங்கியவர்களுக்கு அதுகூட இல்லை. எல்லாருக்குமாக வரவேற்பு ஊர்வலம் நடந்தது 1987 அக்டோபர் 3 அன்று, சிட்னியில். சுமார் 25,000 பேர் நடந்தார்கள்.

எங்கள் தாத்தா நேதாஜி படையில் இருந்தார் என்பார் அப்பா. 1945-க்குப் பிறகு தோட்டத்துக்கே வந்து பால் வெட்டினார். ஒரு படம்கூட இல்லை. ஆதாரம் தேட முடியுமா? பென்ஷன் கிடைக்கும் என்று ஒருவர் 600 வெள்ளி கேட்கிறார்.
– வாசகி, சுங்கை சிப்புட்

முதலில் பணத்தைக் கொடுக்காதீர்கள். இந்திய அரசின் சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியம் 1972-இல் தொடங்கி 1980-இல் விரிவானது. அது வீரருக்கு, அவருக்குப் பின் துணைக்கு, மணமாகாத மகள்களுக்கு, பெற்றோருக்கு என்று நிற்கிறது. பேரப் பிள்ளைகளுக்கு இல்லை.

தேடலுக்கு வருவோம். தாத்தா எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து சிறைப்பட்டு நேதாஜி படையில் சேர்ந்தவரா, தோட்டத்திலிருந்து நேரே சேர்ந்தவரா? முதல் வகையினரைப் பிரிட்டிஷார் விசாரித்து, விசுவாசம் எந்த அளவு மாறியது என்று பார்த்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள். அதனால் காகிதம் இருக்கும். தோட்டத்து ஆட்களைப் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், காகிதம் குறைவு. 1945 ஆகஸ்டில் ஆவணங்கள் பல எரிக்கப்பட்டன. முழுப் பெயர்ப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. ஆகவே பெயர் அகப்படாததால் தாத்தா படையிலேயே இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

தேடப் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை: பெயர், தகப்பனார் பெயர், பிறந்த ஊர், அன்றைய தோட்டத்தின் பெயர், டிவிஷன் எண். முனியாண்டி என்ற ஒரு பெயர் ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாகக் கிடக்கும். எல்லாவற்றையும் போட்டுத் தேட வேண்டும். தோட்டங்கள் கைமாறிப் பெயர் மாறியிருக்கும், துண்டு போட்டு விற்றிருப்பார்கள். பழைய பெயர் இல்லாமல் போனால் தேடல் அங்கேயே நின்றுவிடும், பலருக்கு நடப்பது இதுதான். புதுடில்லியிலுள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையத்தளத்தில் நேதாஜி படைக் கோப்புகள் பல இருக்கின்றன. ஆள் பெயரைவிட, படைப்பிரிவின் பெயரையும் ஊர்ப் பெயரையும் போட்டுத் தேடினால் பலன் அதிகம். கோலாலம்பூரில் மலேசிய தேசிய ஆவணக் காப்பகமான ஆர்கிப் நெகாராவில் 1945–48 தொழிலாளர் இலாகாக் கோப்புகளைக் கேளுங்கள். அடையாள அட்டை கொண்டுபோங்கள். பித்தளைச் சின்னம் ஒன்று பெட்டியில் கிடைத்தால் அதை மட்டும் நம்பாதீர்கள், பிற்காலத்தில் செய்து விற்றவையும் உண்டு. பழைய படம் ஏதாவது உறவினர் வீட்டில் அகப்பட்டால் ஆல்பத்திலிருந்து பிய்க்காமல் அப்படியே 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். தானாகக் கழன்ற படமானால் பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டூடியோ முத்திரை பின்னால்தான் இருக்கும்.

தாத்தா ஏன் பேசவில்லை என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறோம். இந்தியாவில் 1945 நவம்பரில் நேதாஜி படை அதிகாரிகள் மீதான செங்கோட்டை வழக்கு நாட்டையே கிளப்பியது, திரும்பிய வீரர் கதாநாயகர் ஆனார் (ராணுவம் மட்டும் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை). மலாயாவில் திரும்பியவரின் கையில் இருந்த சப்பான் நோட்டு செல்லாக் காசு, எதிரே நின்றது அதே வெள்ளைக்காரத் துரைமார் ஆட்சி. சிங்கப்பூரில் நேதாஜி படைக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தை பிரிட்டிஷார் வந்த வேகத்தில் இடித்தார்கள். கெடா பெடோங் வட்டாரத்தில் அந்தப் பயிற்சியோடு வந்த இளைஞர்கள் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள், 1947-இல் போலீசோடு மோதல் வந்தது. நேதாஜி படையில் இருந்து பிறகு தொழிற்சங்கத் தலைவரான எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நடுவில் 1948 ஜூன் 16, உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுடப்பட்டு அவசரகாலமும் வந்துவிட்டது. அந்த ஆண்டுகளில் சீருடைப் படத்தைச் சுவரில் மாட்டி வைக்க யாருக்குத் துணிவு வந்திருக்கும்?

மாமனாருக்கு 72 வயது. ரெஞ்சர் படையில் தாய்லாந்து எல்லையில் இருந்தவர். இரவில் கத்துகிறார், ஒருமுறை தூக்கத்திலேயே அத்தையை அடித்துவிட்டார். தீபாவளி வெடி கேட்டால் வீட்டில் இருப்பதில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால் 'என்னைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப் பார்க்கிறீர்களா' என்கிறார்.
– மருமகள், சுங்கை சிப்புட்

கம்யூனிஸ்டுகளோடு நடந்த அந்தக் காட்டுப் போர் 1989 டிசம்பர் 2 ஹாட்யாய் உடன்படிக்கை வரை நீடித்தது. பொறிவெடி புதைத்த தடங்களில் நடந்தவர்கள் அவர்கள். தரையைப் பார்த்தே நடப்பதும், கதவைப் பார்த்து உட்கார்வதும் அன்று உயிரைக் காத்த பழக்கங்கள்.

கத்தும்போது தொட்டு உலுக்காதீர்கள், அடி விழுவது அப்போதுதான். கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று விளக்கைப் போட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். "வீட்டில்தான் இருக்கிறீர்கள், சுங்கை சிப்புட்" என்று இடத்தைச் சொல்லுங்கள். கண் தெளிந்த பிறகு தண்ணீர். அத்தை கொஞ்ச நாள் வேறு கட்டிலில் படுக்கட்டும். படுக்கை அறையில் பாராங்கத்தி இருந்தால் அப்புறப்படுத்துங்கள். வெடி விஷயத்தில் அவரைத் தடுப்பதைவிட முன்கூட்டிச் சொல்வது நல்லது. எந்த இரவு, எத்தனை மணிக்கு என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்லுங்கள். எதிர்பார்த்த சத்தம் பாதிதான் உறுத்தும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், அன்று குடித்தாரா, கை கால் ஆட்டினாரா, குறட்டை விட்டு மூச்சு நின்றதா. இது முக்கியம். முதுமையில் கனவுக்கு ஏற்ப கை கால் வீசுவது எல்லாமே போர் நினைவினால் வருவதில்லை. நரம்பு நோயின் முன்னறிகுறியாகவும் வரும். தூக்கத்தில் மூச்சுத் தடையும் கெட்ட கனவைப் பெருக்கும். நோட்டைப் பார்த்தால் டாக்டருக்குப் பிரித்தறிவது சுலபம்.

அரசு கிளினிக்கில் தொடங்குங்கள், குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. தூக்கத்துக்காகப் போகிறோம் என்று அவரிடம் சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. கடிதம் எழுதினால் பொது மருத்துவமனையின் வெளிநோயாளி மனநலப் பிரிவுக்குத்தான் பெரும்பாலும் அனுப்புவார்கள். வந்துபோகும் சிகிச்சை, படுக்க வைக்கும் பேச்சே இல்லை. பேச்சுச் சிகிச்சை வழக்கமாக 8 முதல் 15 அமர்வு. செர்ட்ரலின் போன்ற மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். பலர் இரண்டாம் வாரமே "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அடுத்த வீட்டுக்காரரின் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்.

எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று பேரன் கேட்க விடாதீர்கள். காட்டில் என்ன சாப்பிட்டீர்கள், உங்கள் குழுவில் யார் யார் என்று கேட்கலாம். சாவதைப் பற்றிப் பேசினால் காத்திருக்க வேண்டாம்: சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555.

பட்டாளத்தில் பழகிய குடி விடவே விடாது என்கிறார்களே?
– வாசகர், கோல கங்சார்

வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்ததாக லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் கண்டார். 1971 செப்டம்பரில் திரும்பியவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார். அங்கே அடிமையானவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர் சுமார் 5 விழுக்காடு, மூன்று ஆண்டில் 12. சரக்கு கிடைத்த இடம், கூட்டாளி, நேரம் எல்லாம் மாறியதுதான் பெரிய காரணம். எனவே ஆளைத் திட்டுவதைவிட, சம்பள நாள் மாலை அவர் எங்கே, யாரோடு இருக்கிறார் என்பதை மாற்றப் பாருங்கள். தூக்கம் வரக் குடிக்கிறேன் என்றால், சாராயம் முதல் பாதி இரவை அமுக்கும், பின்பாதியில் கெட்ட கனவைக் கூட்டிக் கொண்டுவரும். ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டர் மேற்பார்வை வேண்டும்.

தம்பி மகன் 12 ஆண்டில் ராணுவத்தை விட்டு வந்துவிட்டான். பென்ஷன் உண்டா?
– வாசகர், சுங்கை சிப்புட்

சாதாரண நிலைச் சிப்பாய்க்கு 21 ஆண்டு சேவை முடிந்தால்தான் மாத ஓய்வூதியம். அதனால் இல்லை. ஆயுதப் படை நிதியான எல்டிஏடி-யில் அவர் பெயரில் சேர்ந்த தொகை தனிக் கணக்கு, அதைக் கேட்டு வாங்க வேண்டும். முன்னாள் வீரர் விவகார இலாகாவில் பதிந்து வெட்டரன் அட்டை எடுக்கட்டும். தொழில் பயிற்சிக்கு, முன்னாள் வீரர்களுக்கான அமைப்பான பெர்ஹெபாட்டைக் கேட்கலாம். சேவை முடிவுக் கடிதத்தையும் சேவைப் பதிவேட்டையும் மூன்று நகல் எடுத்து, முகப்பில் நகலை மட்டும் கொடுங்கள். அசலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தரச் சொல்லுங்கள். அசல் தொலைந்தால் மறுபிரதிக்குப் படை எண் வேண்டும், அதை வீட்டில் வேறொருவரும் எழுதி வைத்திருக்கட்டும்.