டோக்கன் இல்லாத நாள்

அன்புள்ள அக்கா,

நான் தொண்டிக்காரன். சென்னை நிறுவனம் ஒன்றில் பேக்எண்ட் டெவலப்பர். கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவன், இன்னும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவரின் பணப்பரிமாற்ற மென்பொருள் எங்கள் பொறுப்பு. இரவில் கோளாறு வந்தால் எழுந்து பார்க்க நானும் இன்னொருவரும்தான், வாரம் மாற்றி வாரம். முன்பெல்லாம் நன்றாக எழுதிய புரோகிராம் கோடைப் படித்தாலே சந்தோஷமாக இருக்கும். இப்போது லேப்டாப்பைத் திறக்கவே கை வரவில்லை. ஞாயிறு முழுக்கத் தூங்கினாலும் திங்களன்று அதே அசதி. காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லது என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. இது வெறும் களைப்பா, பர்ன்அவுட் என்கிறார்களே அதுவா? வராமல் தடுக்க என்ன வழி? விடியற்காலை எழுவது, தியானம், போனைத் தள்ளி வைப்பது எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். பேசாமல் வேலையை விட்டுவிட்டு இறால் பண்ணை போடலாமா என்று யோசிக்கிறேன்.

க., தொண்டி

*

அன்புள்ள தம்பி,

எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதற்கு எழுதுகிறவர்களிடம் பதில் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. 14416 என்று ஒரு எண் இருக்கிறது. டெலி மானஸ். அரசின் இலவச மனநல உதவி எண், ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். இன்றைக்கே பேசு. வீட்டில் ஒருவரிடமாவது அந்த வரியை அப்படியே சொல். பிறகு ராமநாதபுரம் போய் ஒரு டாக்டரைப் பார். தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு நோய் எல்லாவற்றிலும் நீ எழுதியிருப்பது போன்ற அசதி வரும். எது என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, பர்ன்அவுட்டா என்று கேட்டாய். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் இதைச் சேர்த்தது. சேர்க்கும்போதே இது நோய் அல்ல, வேலையிடத்து அழுத்தத்தைச் சரிசெய்யாமல் விட்டதால் வரும் நிலை என்று எழுதிவைத்தது. மூன்று அடையாளம் சொன்னார்கள். தெம்பு வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகிக் கசந்துபோவது, நாம் செய்வது எதுவும் உருப்படவில்லை என்ற நினைப்பு. வெறும் களைப்பென்றால் அந்த ஞாயிற்றுத் தூக்கத்தில் போயிருக்கும். உனக்குப் போகவில்லை, கோடு படிக்கிற சந்தோஷமும் போய்விட்டது. எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

தியானம் செய்கிறாயா, செய். விடியற்காலை எழுவதை மட்டும் நிறுத்து. ராத்திரி மூன்று மணிவரை சர்வரோடு விழித்திருந்தவன் ஐந்து மணிக்கு அலாரம் வைப்பதற்கு என்ன பெயர் சொல்வது?

இறால் பண்ணையா! எந்தப் பண்ணைக்காரரையாவது பார்த்துப் பேசியிருக்கிறாயா? குளத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறைவது விடிவதற்குச் சற்று முன்னால். அந்த நேரத்தில் கரண்டு போய், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றால் காலையில் இறால் செத்துக் கிடக்கும். நீ எதிலிருந்து தப்பி ஓடுகிறாயோ அதே ராத்திரிக் காவலைக் கடன் வாங்கி, சொந்த முதல் போட்டு வாங்கப் பார்க்கிறாய். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச மாட்டேன்.

உன் கடிதம் வந்தபோது இங்கே பாம்பனில் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்க்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் படகு வைத்திருப்பவர், மதியத்தில் பேத்தியோடு திண்ணையில் தாயம் ஆடிக்கொண்டிருந்தார். காய்ச்சலோடு கடலுக்குப் போய் வந்த மனிதர் அவர், எனக்குத் தெரியும். அவரை உட்கார வைத்தது எது என்றுதான் நான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் படகும் போகவில்லை என்று தெரிவதால்தான் அவருக்குத் தாயக்கட்டை உருட்ட மனசு வருகிறது. தன் படகு மட்டும் கரையில் நின்றால் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டார்.

மற்ற மாதங்களிலும் ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான், மீதி நாள் நாட்டுப்படகுக்கு. எழுபதுகளில் இரண்டு தரப்புக்கும் நடந்த சண்டைகளுக்குப் பிறகு வந்த ஏற்பாடு. போகிற நாளில் மீன்துறை டோக்கன் கொடுக்கும். டோக்கன் இல்லாத நாளில் ஓய்வெடுக்கலாமா வேண்டாமா என்று யாரும் தன் மனசோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மீறுகிறவர்கள் இல்லையா என்றால் இருக்கிறார்கள். ஆனாலும் விதி விதியாக நிற்கிறது.

என் அம்மா கடல்பாசி எடுத்தவள். சேலைக்கு மேல் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றிக்கொண்டு பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறிப்பாள். அப்படியும் விரல் கிழியும். உப்புத் தண்ணீரில் அது ஆறவும் ஆறாது. ஒரு நாள் இருந்துட்டுப் போயேன்மா என்றால், “நான் இருந்தா அவ எடுத்துட்டுப் போயிடுவா” என்பாள். அந்த ‘அவ’ பக்கத்து வீட்டு அத்தை. அத்தை வீட்டில் கேட்டால் ‘அவ’ என் அம்மா. அப்புறம் சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் சங்கமாகக் கூடி உட்கார்ந்து பேசினார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்துக்கு 12 நாள்தான் இறங்குவது, வருஷத்தில் 45 நாள் பாசியைத் தொடுவதே இல்லை என்று முடிவாயிற்று. அவர்களில் முன்னால் நின்ற லட்சுமி என்பவருக்கு 2015இல் தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி என்ற அமைப்பு விருது கொடுத்தது. அம்மா முதலில் சங்கத்தைத் திட்டித் தீர்த்தாள். பிறகு அத்தையும் இறங்கவில்லை என்று தினமும் கடற்கரைக்குப் போய்ச் சரிபார்த்தாள். அதற்கும் பிறகுதான் மத்தியானம் தூங்க ஆரம்பித்தாள்.

கவனி, இந்த விதி எதுவும் மனிதர்கள் களைத்துப்போகிறார்களே என்ற இரக்கத்தில் வரவில்லை. தடைக்காலம் மீன் குஞ்சு பொரிக்க. 45 நாள் பாசி வளர. ‘எனக்கு முடியவில்லை’ என்று உன் மேனேஜரிடம் நீ போய் நின்றால் இரண்டு நாள் லீவு தருவார், பாவம் என்பார், மூன்றாம் நாள் அதே ராத்திரி அழைப்பு. என் தங்கை மகனும் உன் தொழில்தான். தன் நிச்சயதார்த்தத்துக்கு முறையாக லீவு போட்டுவிட்டு, அன்றைக்கே மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். மென்பொருளின் அந்தப் பகுதி, மாட்யூல் என்கிறார்கள், அவன் ஒருவனுக்குத்தான் தெரியுமாம். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை வேறு! உனக்கும் இருக்கும். ‘நான் பாத்துக்கிறேன்’ என்று முதலில் டைப் அடிக்கிற கை யாருடையது?

அதனால் சிஸ்டத்தின் பெயரில் கேள். ஒரு மாதத்து ராத்திரி அலர்ட்டை எல்லாம் எழுதி வை. எத்தனை மணிக்கு வந்தது, நிஜமாகவே எதையாவது சரிசெய்ய வேண்டியிருந்ததா, மறுநாள் தூக்கக் கலக்கத்தில் புது கோடை ஏற்றிய டெப்ளாய்மெண்டில் என்ன உடைந்தது. நீ ஒன்றும் செய்யத் தேவையில்லாமல் வந்த அலர்ட்டுக்கு உன்னை எழுப்பும் உரிமை கிடையாது, அதைக் காலைக்கு மாற்றச் சொல். கூகுள் தன் சர்வர்களைக் காப்பவர்கள் பற்றி 2016இல் வெளியிட்ட புத்தகத்திலேயே, ஒரே ஊரில் இருக்கும் குழு இந்த அழைப்புப் பணியைச் சமாளிக்கக் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும், 12 மணி நேரத்தில் இரண்டு கோளாறுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் இரண்டு பேர். பணம் போகிற வழியை இரண்டு பேர் தூங்காமல் காக்கிறார்கள் என்று அந்த வாடிக்கையாளருக்குத் தெரியுமா?

ராத்திரி எழுந்தவர் மறுநாள் மதியத்துக்குமேல்தான் வேலைக்கு வருவார், அன்றைக்கு அவர் கையால் டெப்ளாய்மெண்ட் கிடையாது. இது டீமுக்கே விதியாக வரட்டும். உனக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்தால் வாங்காதே. மூன்றாம் மாதம் நீயே கூச்சப்பட்டு விட்டுவிடுவாய். உனக்கு மட்டும் தெரிந்த மாட்யூலை இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்க நாள் கேள், அந்த நாட்களில் புது வேலை எடுக்காதே. இதற்கெல்லாம் எட்டாயிரம் காரணம் சொல்லி மறுத்தால் வேறு கம்பெனி பார், நேர்காணலில் முதல் கேள்வியாக ராத்திரி முறைப்பட்டியலில் எத்தனை பேர் என்று கேள்.

எட்டாயிரம் என்றதும் ஞாபகம் வந்தது. தடைக்காலத்தில் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் கொடுக்கிறது. ஐயாயிரமாக இருந்ததை எட்டாயிரம் ஆக்குவதாக 2023இல் மண்டபம் மாநாட்டில்தான் அறிவித்தார்கள். 61 நாளுக்கு அது எந்த மூலைக்கு என்பது வேறு சண்டை. ஆனால் சும்மா இருக்கச் சொன்னால் காசும் கொடுக்க வேண்டும் என்பதையாவது கரையில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி விழித்ததற்கு உனக்கு ஏதாவது தருகிறார்களா?

கடைசியாக ஒன்று. வாரம் மாற்றி வாரம் உன்னோடு விழித்திருக்கிற அந்த இன்னொருவர் யார், எப்படி இருக்கிறார்? இவ்வளவு எழுதியவன் அவரைப் பற்றி அரை வரி எழுதவில்லை. நீ லீவு போட்டால் அவர்தானே எழுந்திருக்கிறார்? 14416இல் பேசி முடித்ததும் அவருக்குப் போன் போடு. மேனேஜரிடம் இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள்.

அன்புடன்,
அக்கா