சோதனைச் சாவிகளும் சான்றிதழ்களும்: கேள்வி பதில்

ஓப்பன்பிஜிபி, எஸ்மைம் இரண்டும் அஞ்சலில் கையொப்பமிடவும் அதைப் பூட்டி அனுப்பவும் உதவும் முறைகள். எஸ்மைமில் சாவி யாருடையது என்று சொல்லச் சான்றிதழும் வேண்டும். இந்த வசதிகள் உள்ள மின்னஞ்சல் மென்பொருளைச் சோதிப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: சார், சோதனைக்கு என் சொந்த ஜிபிஜி (ஓப்பன்பிஜிபி மென்பொருள்) சாவியையே பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். சோதனைச் சாவியின் ரகசியப் பகுதியும் கோடு சேமிக்கும் ரெப்போவில் எல்லோர் கண்ணிலும் படும்படிதான் கிடக்கும். அப்படிப் போட மனம் வராத சாவி இதற்கு ஆகாது. முகவரியும் நிஜமானதாக வேண்டாம். 'டாட் எக்ஸாம்பிள்' என்று முடியும்படி வையுங்கள். உதாரணத்துக்கு என்றே 1999-இல் ஒதுக்கப்பட்ட பெயர் அது.

கேள்வி: அண்ணா, டெஸ்ட் ஓடும்போதெல்லாம் என் சாவிக்கொத்தில் குப்பை சேர்கிறதே?

பதில்: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தற்காலிக ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, ஜிபிஜிக்கு அதையே ஹோம் ஃபோல்டராகக் காட்டு தம்பி. அனுமதி 700 (உனக்கு மட்டும்) இருக்கட்டும், இல்லையென்றால் பாதுகாப்பில்லை என்று புலம்பும். பாதை நீளமாக இருந்தால் இன்னொரு வம்பு. ரகசியச் சாவியைக் கையாளும் ஏஜென்ட் என்ற துணை நிரலோடு ஜிபிஜி பேசுவது சாக்கெட் என்ற கோப்பு வழியாக. லினக்ஸில் சாக்கெட் பாதைக்கு 108 பைட்தான் இடம். டெஸ்டைத் தானாக ஓட்டும் சிஐ கண்டெய்னருக்குள் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போனால் ஏஜென்ட் எழும்பாமலே போகலாம். பாதையைச் சுருக்கமாக வை. முடிந்ததும் ஏஜென்ட்டை நிறுத்திவிட்டு ஃபோல்டரை அழித்துவிடு.

கேள்வி: நேற்றுவரை பச்சையாக இருந்த டெஸ்ட் எல்லாம் இன்று சிவப்பு. கோடில் யாரும் கை வைக்கவில்லை!

பதில்: முதலில் சான்றிதழின் கடைசித் தேதியைப் பாருங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியில் சுயகையொப்பச் சான்றிதழ் (தன் சாவியாலேயே கையொப்பமிட்டது) உருவாக்கும்போது நாள் கணக்குச் சொல்லாவிட்டால் 30 நாள்தான் தரும். நல்ல சாவிகளுக்கு ஆயுளைத் தாராளமாகக் கொடுங்கள். காலாவதியைச் சோதிக்கத் தனியாக ஒரு சாவி போதும். கடிகாரத்தை ஏமாற்றவும் வழி உண்டு: ஜிபிஜியில் போலி நேரம் கொடுக்கலாம், மற்ற மென்பொருளுக்கு லிப்ஃபேக்டைம். ஆனால் எல்லா டெஸ்டையும் போலி நேரத்தில் ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நிஜ நேரத்தில் உடைவது கண்ணில் படாமலே போய்விடும்.

எஸ்மைமுக்குச் சான்றிதழ் உருவாக்கும் வேலையே வேண்டாம். 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9216 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் ஆலிஸ், பாப், கார்லோஸ், டானா என்று நான்கு பேருக்கான மாதிரிச் சான்றிதழ்களை ரகசியச் சாவியோடு தருகிறது. 2052 வரை செல்லும். இதில் ஒரு சின்ன லாபமும் உண்டு: சான்றிதழில் 2049 வரை ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதுவார்கள், 2050 முதல் நான்கு இலக்கம். உங்கள் பார்சர் (சான்றிதழைப் பிரித்துப் படிக்கும் நிரல்) இரண்டையும் படிக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: சோதனை சிஏவை (சான்றிதழ் வழங்கும் அமைப்பை) நம்பினால்தான் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருள் கையொப்பத்தை ஏற்கிறது. சேர்த்துவிடலாமா?

பதில்: தினமும் அஞ்சல் படிக்கும் ப்ரொஃபைலில் கூடவே கூடாது. அந்த சிஏவின் ரகசியச் சாவி ஊருக்கே தெரியும். யார் பெயரிலும் யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அடித்துக்கொள்வார்கள். தண்டர்பேர்ட் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனிச் சான்றிதழ்க் கிடங்கு வைத்திருக்கிறது. சோதனைக்கு ஒரு ப்ரொஃபைல் திறந்து அங்கே சேருங்கள்.

கேள்வி: சாவிகளைக் கோப்பாக வைப்பதா, ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் உருவாக்குவதா?

பதில்: கோப்பும் இருக்கட்டும், அதை உருவாக்கிய ஸ்கிரிப்ட்டும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஸ்கிரிப்ட் இல்லாத சாவி காலாவதியானால், அதில் என்ன விசேஷம் இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. ரெப்போவில் கசிவு தேடும் ஸ்கேனர் ரகசியச் சாவி என்று கத்தினால், அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

கேள்வி: என்னென்ன வகைச் சாவிகள் வேண்டும்?

பதில்: நல்ல சாவி ஒன்றிரண்டு போதும். பழுதானவைதான் அதிகம் வேண்டும்: காலாவதியானது, ரத்து செய்யப்பட்டது, கையொப்பத்துக்கு மட்டுமானது, அனுப்புநர் முகவரியோடு பொருந்தாதது. அப்புறம், பெயர் தமிழில் உள்ள சாவி ஒன்று கட்டாயம் வையுங்கள். யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் 'தமிழ்' என்ற சொல்லுக்கே 15 பைட். பைட் கணக்கில் பெயரை வெட்டும் திரை எது என்று உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: இவற்றைக் கீசர்வரில் (மற்றவர் சாவியைத் தேடி எடுக்கும் சர்வரில்) ஏற்றிப் பார்க்கலாமா?

பதில்: பொதுச் சர்வரில் வேண்டாம். பழைய எஸ்கேஎஸ் வகைச் சர்வர்களில் ஏற்றியதை அழிக்கவே முடியாது. தேடல் வசதியைச் சோதிக்க உங்கள் கணினியிலேயே ஒரு சிறு சர்வரை ஓட்டிக்கொள்ளுங்கள்.