நிலக்கீழ் இசை அறை: வேலிக்கு முன் பெர்மிட்டைப் பாருங்கள்

கேள்வி: கிளிநொச்சியில், கரைச்சிப் பிரதேச சபை எல்லைக்குள், அப்பாவின் பெயரிலுள்ள பெர்மிட் காணியில் (அரசு அனுமதிப்பத்திரத்தின் பேரில் கொடுத்த காணி) வீடு கட்டுகிறோம். வீட்டுக்குக் கீழே 16 அடிக்கு 12 அடி, 9 அடி உயரத்தில் சத்தம் வெளியே போகாத அறை அமைத்து டிரம்ஸ் பழகவும் பாட்டு ஒலிப்பதிவு செய்யவும் விருப்பம். முழுச் செலவும் என்னுடையது. பக்கத்து வீட்டுக்காரர் இப்போதே பொலிசுக்குப் போவேன் என்கிறார். என்னென்ன அனுமதி வேண்டும்?

பதில்: பக்கத்து வீட்டுக்காரரை விடப் பெர்மிட்டுக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணி, சாதாரணச் சொத்தைப் போல எல்லா வாரிசுகளுக்கும் பிரிந்து போகாது. அம்மா இருந்தால் அவர் காலத்துக்குப் பிறகு, அப்பா நியமித்த பின்னுரித்தாளர் யாரோ அவருக்கே போகும். அந்த நியமனமும் அப்பா உயிரோடு இருக்கும்போதே பதிவாகியிருக்க வேண்டும். பதிவில் உங்கள் அக்காவின் பெயர் இருந்தால், உங்கள் காசில் கட்டிய அறை அக்காவின் காணியில் நிற்கும். ஆகவே முதல் வேலை, பிரதேச செயலகக் காணிப் பிரிவில் நியமனத்தைச் சரிபார்த்து, மாற்ற வேண்டுமானால் அப்பாவைக் கொண்டு மாற்றுவது. பெர்மிட்டின் நிபந்தனைகளையும் அங்கேயே படியுங்கள். வீட்டுக் காணியில் கூலிக்கு ஒலிப்பதிவு நடத்த எண்ணமிருந்தால் பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் ஆள் மாறியதும் போய்விடும்.

பிரதேச சபைக்குக் கொடுக்கும் வரைபடத்தில் நிலக்கீழ் அறை காட்டப்பட்டிருக்க வேண்டும். வீட்டு வரைபடம் ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்டிருந்தால் திருத்திய வரைபடம் கொடுங்கள். காட்டாமல் கட்டினால் இறுதியில் இணக்கச் சான்றிதழ் கிடைக்காது.

பலர் மறப்பது மண்ணை. உள்ளளவு 16க்கு 12 என்றாலும், சுவருக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் சேர்த்து 20க்கு 16, ஆழம் 10 அடி வெட்ட வேண்டும். அது 3200 கன அடி, அதாவது 32 கியூப். வெட்டிய மண் இளகி 38 கியூப் வரை வரும். அனுமதியின்றி அதை உழவு இயந்திரத்தில் ஏற்றி வீதிக்கு எடுத்தால், 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் பொலிசார் வாகனத்தோடு பிடிப்பார்கள். "என் வீட்டு மண்" என்ற வாதம் அங்கே எடுபடாது. வளவுக்குள்ளேயே கால் ஏக்கரில் பரப்பினால் ஏறத்தாழ நாலு அங்குலம்தான் உயரும். ஆனால் மழைநீர் அடுத்த வளவுக்குப் போகாதபடி சரிவு வையுங்கள். இல்லையேல் அதுவே இன்னொரு வழக்கு.

எல்லையை ஒட்டி வெட்டவும் வேண்டாம். பக்கத்து நிலத்துக்கு உங்கள் நிலம் கொடுக்கும் தாங்கலை எடுத்துவிட்டு, அவர் மதில் வெடித்தால் நட்டஈடு உங்கள் தலையில். தோண்டும்போது இரும்புப் பொருள் ஏதாவது தட்டுப்பட்டால், இது போர் நடந்த வன்னி மண், வெடிக்காத குண்டாக இருக்கலாம்: மண்வெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்து பொலிசுக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். இன்னொன்று, மார்கழியில் உங்கள் கிணற்று நீர்மட்டத்தைப் பாருங்கள். தரையிலிருந்து பத்தடி ஆழத்துக்குள் நின்றால் நீங்கள் கட்டுவது இசை அறை அல்ல, தண்ணீர்த் தொட்டி. அப்படியானால் தரைக்கு மேலே, அறைக்குள் அறையாகக் கட்டுவதே என் ஆலோசனை.

இனிச் சத்தம். 1996 ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபைப் பகுதியில் எல்லையில் அளக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இங்கே இரவு என்பது மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை. பத்து மணிக்குப் பிறகுதான் தடை என்று பலர் நம்புவது, 2007 இல் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிகளுக்கு விதித்த கட்டுப்பாட்டோடு இதைக் குழப்பிக்கொள்வதால். பாடசாலையோ வைத்தியசாலையோ 100 மீற்றருக்குள் இருந்தால் அமைதி வலயம், பகலிலும் 50தான்.

டிரம்ஸ் அறைக்குள் 100 டெசிபலைத் தாண்டும். மாலை ஏழு மணிக்கு வேலியில் 45 வேண்டுமென்றால், சுவரும் தூரமும் சேர்ந்து 55க்கு மேல் குறைக்க வேண்டும். சுவரில் ஒட்டும் ஸ்பொஞ் உள்ளே எதிரொலியைத்தான் குறைக்கும், சத்தத்தை நிறுத்தாது. ஒப்பந்தகாரர் அதைக் காட்டி விலை சொன்னால் ஏமாறாதீர்கள். பாரமான சுவர், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள், வளைத்து எடுத்த காற்றுக்குழாய் ஆகியவை வேண்டும். கதவுக்கு அடியிலுள்ள ஒரு விரல் இடைவெளி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஒப்பந்தத்தில் "ஒலி புகாது" என்று எழுதாமல், "வேலியில் இரவு 45 டெசிபலுக்கு மேற்படாது" என்று எழுதி, கடைசித் தவணைப் பணத்தை அந்த அளவீட்டோடு கட்டுங்கள்.

அயலவர் முறையிட்டால் பொலிசார் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின்படி நீதவானிடம் பொதுத்தொல்லை என்று கொண்டு போகலாம். மத்தியஸ்த சபையில் பேசித் தீர்ப்பது மலிவு; அங்கே நீங்கள் வைக்க வேண்டியது தரப்படுத்திய கருவியால் எடுத்த எழுத்து அளவீடு, கைபேசிச் செயலி காட்டும் எண் அல்ல. அளக்கும்போது ஜெனரேற்றரையும் குளிரூட்டியின் வெளிப்பெட்டியையும் ஓடவிட்டே அளக்கச் செய்யுங்கள்.