தகப்பனின் குடி மகனுக்கும் வருமா?

கேள்வி: என் கணவரின் அப்பா சாராயம் குடித்தே ஈரல் கெட்டு இறந்தவர். கணவரும் இப்போது ஒவ்வொரு நாளும் குடிக்கிறார். மகனுக்கு 14 வயது. போன மாதம் ஒரு கலியாண வீட்டில் சித்தப்பாமாரோடு இருந்து பியர் குடித்திருக்கிறான். "பரம்பரைக் குணம், எங்க போகும்?" என்கிறார் மாமி. இரத்தம் சோதித்து முன்கூட்டியே அறிய வழி உண்டா? - மட்டக்களப்பு, படுவான்கரையிலிருந்து ஒரு தாய்

பதில்: அப்படி ஒரு இரத்தப் பரிசோதனை இல்லை. குடிநோயில் ஏராளமான மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. யாராவது காசு வாங்கிக்கொண்டு சோதித்துத் தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள். மாமனாரையும் கணவரையும் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரியே ஒரு வைத்தியருக்கு அதைவிடக் கூடுதலாகச் சொல்லும்.

மாமி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, குடிக்கு அடிமையாகும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் ஏறக்குறைய பாதிக்கு மரபுதான் காரணம். அதற்காக உங்கள் மகனுக்கு ஐம்பது வீத வாய்ப்பு என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். 1973இல் டென்மார்க்கில் டொனால்ட் குட்வின் குழு வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். குடிநோயாளிப் பெற்றோருக்குப் பிறந்து, கைக்குழந்தையிலேயே வேறு வீட்டுக்குத் தத்துப்போன ஆண்கள் 55 பேர். அவர்களில் 10 பேர் குடிநோயாளிகள் ஆனார்கள். மற்றத் தத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆனால் மிச்சம் 45 பேர் ஆகவில்லையே! மாமிக்கு இதைச் சொல்லுங்கள். "நீயும் தகப்பன் மாதிரித்தான் வருவாய்" என்ற பேச்சு இனி அந்த வீட்டில் எழவே கூடாது.

சரி, அப்படியானால் பரம்பரையாக வருவது எது? குடிப்பழக்கம் அப்படியே வருவதில்லை. மதுவை ஈரல் உடைக்கும் வேகம், மூளை அதை ரசிக்கும் விதம், யோசிக்காமல் சட்டென்று இறங்கும் சுபாவம் ஆகியவைதான் வருகின்றன. இன்னொன்றும் உண்டு. "எவ்வளவு குடிச்சாலும் ஆடமாட்டான்" என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்வார்களே, அது உண்மையில் அபாய அறிகுறி. அமெரிக்காவில் மார்க் ஷக்கிட் குழுவினர் குடிநோயாளிகளின் மகன்மாரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கண்டது இது: இளவயதில் போதை குறைவாக ஏறுகிறவருக்கே பிற்காலத்தில் குடிநோய் வரும் வாய்ப்பு அதிகம். போதும் என்று உடம்பு சொல்லாததால் அளவு கூடிக்கொண்டே போகிறது. யோசிக்காமல் இறங்கும் சுபாவமோ மதுவோடு நிற்பதும் இல்லை. கஞ்சா, ஐஸ் போதைப்பொருள், போதைக் குளிசை என்று எதன் பக்கமும் இழுக்கும்.

உங்கள் கையில் இருக்கும் முதல் விஷயம் வயது. அமெரிக்காவில் 1997இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 வீதமானோர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் அது சுமார் 10 வீதம். துடுக்கான பிள்ளைகளே முந்தித் தொடங்குவதும் இதற்கு ஒரு காரணம்தான். என்றாலும், தன்னைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிர்கிறது. அதுவரை தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் லாபம். நம் இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கவே 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது. ஆகவே அந்தச் சித்தப்பாமாரிடம் தயங்காமல் நேரே பேசுங்கள். "ஒரு வாய்தானே" என்று அவர்கள் நினைத்துச் செய்தது உங்கள் பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை.

வீட்டுக்குள்ளும் சிலவற்றை மாற்றவேண்டும். அப்பாவுக்குச் சோடா வாங்குவதும் கிளாஸ் கழுவுவதும் வெறும் போத்தல் எடுத்து வைப்பதும் மகனின் வேலையாக இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். டியூசன் முடிந்து எங்கே போகிறான், யாரோடு, எத்தனை மணிக்கு வருவான் என்று தினமும் கேளுங்கள். சந்தேகத்தோடு கேட்காமல் சோறு போடும்போது பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். பின்லாந்தில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், பெற்றோர் இப்படிக் கவனித்த வீடுகளில் பிள்ளைகள் புகைபிடிப்பதில் மரபின் செல்வாக்கே குறைந்திருந்தது.

கணவரையும் விட்டுவிடாதீர்கள். படுவான்கரையில் அவர் வயதுக்காரர் பலர் யுத்தகாலச் செல்லடிக்கும் இடம்பெயர்வுக்கும் நடுவில் வளர்ந்தவர்கள். சிறுவயதுத் துயரங்கள் கூடக் கூட, பின்னாளில் குடிக்கு அடிமையாகும் ஆபத்தும் பல மடங்கு ஏறுகிறது. அவருக்கு வந்திருப்பது வைத்தியம் செய்யக்கூடிய நோய். அவர் குணமாவதுதான் மகனுக்கும் பெரிய பாதுகாப்பு.

இங்கே இரண்டு எச்சரிக்கை. நாளும் குடிக்கிறவர், முக்கியமாகக் காலையில் கை நடுங்குகிறவர், கோயிலில் சத்தியம் செய்துவிட்டுத் திடீரென நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியரின் மேற்பார்வையில்தான் நிறுத்தவேண்டும். அப்புறம், அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் மருந்தைத் தொடவே தொடாதீர்கள். அதன் மேல் அவர் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து இறக்கவும் கூடும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அவரைக் கூட்டிப் போங்கள். வர மறுத்தால் முதல் தடவை நீங்கள் மட்டும் போய்ப் பேசலாம். அதற்கு முன் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.