பவர் சப்ளை 36,000. கார்டு பாக்கி 40,000

கேள்வி: அம்பத்தூரில் வேலை, சம்பளம் 31,000 ரூபாய். மாலையில் வீட்டிலேயே ஆம்ப்ளிஃபையர், எல்இடி போர்டு ரிப்பேர் செய்கிறேன். மாதம் 3,000 வருகிறது. போர்டுகளுக்கு வேண்டிய வோல்டேஜைக் கொடுத்துச் சோதிக்க ஒரு பவர் சப்ளை வேண்டும். மூன்று சேனல் (மூன்று தனித்தனி அவுட்புட்) புரோகிராமபிள் வகை 36,000 ரூபாய். நோ-காஸ்ட் இஎம்ஐயில் மாதம் 3,000. ரிச்சி தெருவில் 30 வோல்ட், 5 ஆம்பியர் சப்ளை 6,000-க்குக் கிடைக்கிறது, தரம்தான் பயமாக இருக்கிறது. எதை வாங்கலாம்? கார்டில் 40,000 பாக்கி உண்டு. மினிமம் தொகை 2,000-ஐத் தவறாமல் கட்டிவிடுகிறேன்.

பதில்: சப்ளையைப் பிறகு பார்ப்போம். அந்த ‘தவறாமல்’தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. 40,000-க்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 1,400. அதன்மேல் ஜிஎஸ்டி 252. நீங்கள் கட்டும் 2,000-ல் அசலுக்குப் போவது வெறும் 348 ரூபாய். வருடத்துக்குக் கிட்டத்தட்ட 20,000 வட்டியாகவே போகிறது. அந்த 6,000 ரூபாய் சப்ளையை மூன்று முறை வாங்கியிருக்கலாம்.

இந்த நிலையில் அதே கார்டில் இன்னொரு இஎம்ஐ வேண்டவே வேண்டாம். நோ-காஸ்ட் என்ற பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டினாலும் அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான், பெரும்பாலும் பிராசசிங் கட்டணமும் சேரும். பாக்கி இருக்கும்வரை கார்டில் புதிதாக எது வாங்கினாலும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இஎம்ஐக்குச் சம்பளத்திலிருந்து 3,000 ஒதுக்க முடியும் என்றால், அதையும் சேர்த்து மாதம் 5,000 கார்டுக்கே கட்டுங்கள். சுமார் பத்து மாதத்தில் முடியும், வட்டி 9,500 வரை ஆகும். வீட்டில் நகை சும்மா இருந்தால் பொதுத்துறை வங்கியில் வைத்து இந்தப் பாக்கியை ஒரேயடியாக அடைத்துவிடுங்கள். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றே வைத்தாலும், அதே 5,000 கட்டினால் ஒன்பதாவது மாதம் நகை கைக்கு வந்துவிடும். வட்டி 2,000-க்குள் அடங்கும். ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை இன்றே நீக்குங்கள்.

சரி, சப்ளை. உங்கள் வேலைக்கு ஒற்றைச் சேனல் தாராளம். இரண்டு மாத ரிப்பேர் வருமானத்தைச் சேர்த்து ரொக்கமாக வாங்குங்கள். ஆம்ப்ளிஃபையர் வேலை இருப்பதால் டிரான்ஸ்பார்மர் உள்ள லீனியர் வகை கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தூக்கினால் நன்றாகக் கனக்கும். கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஓடும் எஸ்எம்பிஎஸ் வகை மலிவானதாக இருந்தால், அந்த ஸ்விட்சிங் இரைச்சல் ஸ்பீக்கர்வரை வரலாம். அப்புறம் அது சப்ளையின் கோளாறா, போர்டின் கோளாறா என்று தேடி ஒரு மாலையே போய்விடும்.

கடைக்குப் போகும்போது மல்டிமீட்டரும் 10 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் ஒன்றும் கொண்டுபோங்கள். 12 வோல்ட் வைத்து ரெசிஸ்டரை மாட்டினால் 1.2 ஆம்பியர் காட்ட வேண்டும். ரெசிஸ்டர் கொதிக்கும், தொடாதீர்கள். பத்து நிமிடம் கழித்தும் சப்ளை முனையில் மல்டிமீட்டர் 12-ஐயே காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ரெசிஸ்டரைக் கழற்றி, கரண்ட் லிமிட்டை (அதற்கு மேல் கரண்ட் போகாமல் தடுக்கும் அளவு) 0.5 ஆம்பியரில் வைத்து, சிவப்பு, கறுப்பு ஒயர்களை ஒன்றாகச் சேருங்கள். லிமிட் வேலை செய்வதைக் காட்டும் சிசி விளக்கு எரிந்து கரண்ட் அரை ஆம்பியரிலேயே நிற்க வேண்டும். வாடிக்கையாளரின் போர்டு கருகாமல் காப்பது இந்த கரண்ட் லிமிட்தான். இதைச் சோதிக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.