நிலநடுக்கம் எங்கே தொடங்கியது என்பதைச் சில நிமிடங்களில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நடுக்கடலில், கருவி எதுவும் இல்லாத இடத்தில் நிலநடுக்கம் வந்தாலும் மையம் இங்கேதான் என்று எப்படிச் சொல்கிறார்கள், அதற்கு ஏன் நில அதிர்வைப் பதிவுசெய்யும் மூன்று நிலையங்கள் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் நான். ஒரு வரைபடமும் காம்பஸும் கையில் இருந்தால் இது நன்றாகவே புரியும்.

பாறை உடையும்போது இரண்டு வகை அலைகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. பி அலை பாறையை அழுத்தித் தளர்த்தியபடி மேலோட்டில் நொடிக்குச் சுமார் 6 கி.மீ. ஓடும். எஸ் அலை பாறையைக் குறுக்காக அசைத்துக்கொண்டு மூன்றரை கி.மீ. வேகத்தில் பின்னால் வரும். தூரம் கூடக் கூட, இரண்டும் வந்து சேரும் நேர இடைவெளியும் கூடும். அந்த இடைவெளியை நொடியில் எடுத்து 8ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் கிடைத்துவிடும். சில நூறு கிலோமீட்டர் வரை இந்தக் கணக்கே போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. நிலநடுக்கம் எத்தனை மணிக்கு நடந்தது என்று தெரிந்திருக்கவே வேண்டியதில்லை. நிலையத்தின் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னே ஓடினாலும் பாதகமில்லை. இரண்டு வருகையையும் அதே கடிகாரத்தில்தானே பார்க்கிறோம்! ஆனால் எஸ் அலை தொடங்கும் இடத்தை ஒரு நொடி தள்ளிக் குறித்தால் 8 கி.மீ. பிசகும். முதல் அலையின் ஆட்டம் ஓய்வதற்குள் அடுத்தது வந்து கலந்துவிடுவதால், அந்த இடத்தைக் குறிக்கப் பழகிய கண் வேண்டும்.

2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணியளவில் சென்னை குலுங்கியது பலருக்கு நினைவிருக்கும். மையம் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில். அந்த இடத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன் (நிலையப் பதிவுகளில் உள்ள எண்கள் அல்ல). சென்னையில் ஒரு கருவி இருந்தால் இடைவெளி 16 நொடி, தூரம் 128 கி.மீ. கொடைக்கானலில் 45 நொடி, 360 கி.மீ. இந்த இரண்டு ஊர்களையும் நடுப்புள்ளியாகவும், அந்தந்தத் தூரத்தை ஆரமாகவும் வைத்து வட்டம் போட்டுப் பாருங்கள். அவை ஓரிடத்தில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வெட்டும். இன்னோரிடத்தில் வேலூர் பக்கம் வெட்டும். எது சரி? இரண்டு நிலையங்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சேலத்தைக் கேட்க வேண்டும். நடுக்கம் வேலூரில் என்றால் சேலத்தில் இடைவெளி 23 நொடி இருந்திருக்கும். கடலில் என்றால் 29 நொடி. மூன்றாவது நிலையம் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

நடைமுறையில் மூன்று வட்டங்களும் ஒரே புள்ளியில் வந்து சந்திப்பதில்லை. உடைப்பு தரைக்கு அடியில் நடக்கிறது. நாம் அளப்பது சாய்வான தூரம். அதனால் வட்டங்கள் சற்றுப் பெரிதாகி, நடுவில் சின்ன முக்கோணம் போல ஒரு பரப்பு விழும். ஆழத்தைக் கணக்கில் சேர்த்தால் அது சுருங்கும். இன்று இதையெல்லாம் கணினி செய்கிறது. ஓர் இடத்தையும் ஆழத்தையும் நேரத்தையும் ஊகித்து, அங்கிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் அலை எப்போது வரவேண்டும் என்று பார்க்கும். உண்மையான வருகையோடு ஒத்துப்போகும்வரை ஊகத்தை நகர்த்திக்கொண்டே இருக்கும்.

பதிவில் இந்த அலைகளைப் பிரித்துக் காட்டியவர் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்தவர். 1897 ஜூன் 12 அன்று அஸ்ஸாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கம் ஐரோப்பியக் கருவிகளில் விட்டுச்சென்ற கோடுகளை வைத்துத்தான் அதைச் செய்தார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இப்படிக் கண்டுபிடிக்கும் புள்ளி, உடைப்பு தொடங்கிய இடம் மட்டுமே. சின்ன நிலநடுக்கத்தில், தொடங்கிய இடத்துக்கும் மொத்தமாக உடைந்த பகுதிக்கும் உள்ள வித்தியாசம் பெரிதில்லை. 2004 டிசம்பர் 26இல் அதுதான் எல்லாமாக இருந்தது. அன்று காலை 6.28க்குச் சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் தொடங்கிய உடைப்பு, நிக்கோபார், அந்தமான் வழியாக வடக்கே சுமார் 1,300 கி.மீ. கிழித்துக்கொண்டு போனது. அதற்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பி அலை சென்னைக்கு வந்து சேர நாலு நிமிடம் சொச்சம்தான் ஆகும். அதாவது அலை இங்கே வந்தபோதும் அங்கே கடலடி இன்னும் உடைந்துகொண்டிருந்தது.

ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் இடத்தைச் சொல்லிவிட்டது. அளவைத்தான் முதலில் 8.0 என்று மதிப்பிட்டது. இன்று ஏற்கப்படும் அளவு 9.1, ஆற்றலில் நாற்பது மடங்குக்கும் மேல் வேறுபாடு. ஆழிப்பேரலையின் வலு, உடைப்புக் கோட்டுக்குக் குறுக்காக, மேற்கே இலங்கையையும் தமிழகத்தையும் நோக்கித் திரும்பியது. சுமத்ராவில் வைத்த ஒரு புள்ளியை மட்டும் பார்க்கிறவருக்கு நாகப்பட்டினத்துக்கு வரப்போவது தெரியாது. உடைப்பின் நீளத்தைக் கண்ணுக்குக் காட்டியவை, அடுத்தடுத்து வந்த பின்னதிர்வுகளின் மையங்கள். அவை சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை வரிசையாக விழுந்தன.

2007 முதல் ஹைதராபாத்தில், கடல் பற்றிய தகவல்களைத் தரும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நிலநடுக்க மையத்தையும் அளவையும் சில நிமிடங்களில் கணக்கிட்டு, அத்தோடு நிறுத்தாமல், கடலடி அழுத்தக் கருவிகளிலும் கரையோர அலைமானிகளிலும் நீர்மட்டம் மாறுகிறதா என்று பார்க்கிறார்கள்.