கைவேலை தெரிந்த பையனுக்கு எந்தப் பள்ளி?

அன்புள்ள ஐயா,

கேரளாவில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் சின்னத் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். மகன் இங்கே தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். மார்க் சுமார்தான். ஆனால் வீட்டு மிக்சி, தோப்பு மோட்டாரின் ஸ்டார்ட்டர் எல்லாம் பிரித்துச் சரிசெய்துவிடுவான். ஒன்பதாம் வகுப்புக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில், ஐஐடி நுழைவுத் தேர்வுக்கு இப்போதே தயார்செய்யும் பவுண்டேஷன் வகுப்போடு சேர்க்கச் சொல்கிறார் மச்சான். உள்ளூரில் கேரளப் பாடத்திட்டத் தனியார் பள்ளி ஒன்றும் இருக்கிறது. எங்கே சேர்ப்பது?

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒன்று. மெயினை அணைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட்டரைத் தொடுகிறானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். த்ரீ பேஸ் மின்சாரம் விளையாட்டில்லை.

என் மகள் களிமண்ணில் உருவங்கள் செய்வாள். ஒரு பள்ளியின் நோட்டீஸில் கலைக்கூடப் படத்தைப் பார்த்து அங்கே சேர்த்தோம். பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது அந்த அறையை எட்டிப் பார்த்தேன். ஸ்டூல்களின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் கலை பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் அவள் மண்ணையே தொடவில்லை. முன்கூட்டியே போய்ப் பார்க்காதது என் தவறு, இன்றும் மனசு ஆறவில்லை.

அதனால் இரண்டு பள்ளியிலும் ஒன்பதாம் வகுப்பின் டைம்டேபிளைக் கேட்டு வாங்குங்கள். வேலை நாளில் மதியம் போய் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடி தேய்ந்திருக்கிறதா, மேசையில் சால்டரிங் சுட்ட தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் கை பட்ட இடம் பார்த்தாலே தெரியும்.

கேரளப் பள்ளிகளுக்கு மாநில அறிவியல் விழாவோடு பணி அனுபவப் போட்டிகளும் நடக்கின்றன. எலக்ட்ரிக்கல் வயரிங், எலக்ட்ரானிக்ஸ், மர வேலை, பனையோலைப் பொருட்கள் என்று அங்கேயே உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். பள்ளி அளவில் தொடங்கி மாநிலம் வரை போகலாம். உங்கள் மகனுக்கு அது சொந்த வீடு மாதிரி. மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கானது அது, சிபிஎஸ்இ போனால் கிடைக்காது.

அப்புறம் மொழி. எட்டு வருஷம் தமிழில் அறிவியல் படித்தவன் ஒன்பதில் திடீரென்று ஆங்கிலத்துக்குப் போனால், தெரிந்ததைக்கூடச் சொல்ல முடியாமல் நிற்பான். கல்வி உரிமைச் சட்டம் (2009) எட்டாம் வகுப்பு வரை நுழைவுத் தேர்வைத் தடுக்கிறது, ஒன்பதுக்கு அந்தத் தடை இல்லை. ஆங்கிலத்தில் தேர்வு வைத்துக் குறைந்த மார்க் வந்தால் பையனை மக்கு என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளூர்ப் பள்ளியும் ஆங்கில வழிதான் என்றால், முதல் ஆறு மாதம் தமிழில் விளக்கிச் சொல்ல ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

சேர்த்துப் பார்த்துவிட்டு மாற்றலாம் என்றும் நினைக்காதீர்கள். சிபிஎஸ்இ ஒன்பதிலேயே மாணவர் பெயரைப் பதிந்துவிடும், பத்தாம் வகுப்பில் பள்ளி மாறுவது சிரமம்.

மச்சானின் அக்கறை புரிகிறது. ஆனால் இன்ஜினியராக ஐஐடி வழி மட்டும் இல்லை. பத்து முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமோ படித்தால், பி.டெக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பாலிடெக்னிக்கில் பாடத்தோடு கைவேலையும் இருக்கும்.

லேபும் ஆசிரியரும் சரியாக இருந்தால் உள்ளூர்ப் பள்ளியிலேயே சேர்த்துவிடுங்கள் என்பேன். பார்க்கப் போகும்போது பையனையும் கூட்டிப் போங்கள். லேபில் அவன் எதைத் தொட்டுப் பார்க்கிறான், அதற்கு ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.